ஒரே லேப்டாப்பில் இரண்டு குடித்தனம்: விண்டோஸ் 11 பக்கத்தில் உபுண்டு

"லேப்டாப்ல உபுண்டு போடணும்" என்று ஹாஸ்டலில் சொல்லிப் பாருங்க. ரெண்டே வகையான பதில்தான் வரும். ஒருத்தன், "வேணாம் மச்சி, எல்லாம் போயிடும்" என்பான். இன்னொருத்தன், "பத்து நிமிஷ வேலைடா, பென்டிரைவைக் குடு" என்பான். முதல் ஆளை நம்பினால் நாலு வருஷமும் லினக்ஸ் பக்கமே போக மாட்டோம். இரண்டாவது ஆளை நம்பினால், சில சமயம் முதல் ஆள் சொன்னதே நடந்துவிடும்.

ஆபரேட்டிங் சிஸ்டம்ஸ் லேப் ஆரம்பித்ததும், ரோபோட்டிக்ஸ் கிளப்பில் சேர்ந்ததும், மினி புராஜெக்டுக்கு ஜிபியு தேவைப்பட்டதும் இந்தப் பேச்சு தானாக வரும். அந்த நேரத்தில் லேப்டாப்பில் இருப்பது வெறும் விண்டோஸ் மட்டுமா? ரெக்கார்ட், ரிப்போர்ட், ஸ்கேன் செய்து வைத்த சர்டிபிகேட், வீட்டு போட்டோ எல்லாம் ஒரே டிரைவில் கிடக்கும். அதனால்தான் இந்தக் கட்டுரை. இதில் கமாண்டுகளை வரிசையாக அடுக்கப் போவதில்லை. அது தேடினால் கிடைக்கும். எந்த இடத்தில் என்ன நடக்கிறது என்பது தெரிந்துவிட்டால், எந்த வீடியோவைப் பார்த்துச் செய்தாலும் தப்பான பட்டனை அழுத்த மாட்டீர்கள்.

இது நம்ம ஊருக்குப் புதுசும் இல்லை. தமிழ்நாடு அரசு 2011-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த லேப்டாப்களில் விண்டோஸும், சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தன. ஆன் செய்ததும் "எதுக்குள்ள போகணும்?" என்று கேட்ட அந்தத் திரைதான் உங்கள் அண்ணன், அக்கா பலருக்கு முதல் டூயல் பூட்.

பொதுவாக இருப்பது எது?

இரண்டு இயங்குதளமும் ஒரே நேரத்தில் ஓடுவதில்லை. ஒன்று ஓடும்போது மற்றொன்று டிரைவில் சும்மா கிடக்கும் கோப்புகள் மட்டுமே. அதனால் "ரெண்டு போட்டா லேப்டாப் ஸ்லோ ஆயிடும்" என்பது கதை. இடம் குறையும், அவ்வளவுதான்.

பழைய ஒண்டுக்குடித்தன வீட்டை நினைத்துப் பாருங்கள். ஒவ்வொரு போர்ஷனும் தனி. ஆனால் வாசல் ஒன்று, நடுச்சுவர் ஒன்று, கூடத்துக் கடிகாரம் ஒன்று. சண்டை வந்தால் இந்தப் பொது இடங்களில்தான் வரும். டூயல் பூட்டிலும் அதே கதை. நடுச்சுவர் என்பது டிரைவின் பார்ட்டிஷன் பிரிவு. வாசல் என்பது இஎஃப்ஐ பார்ட்டிஷன். கடிகாரம் என்பது மதர்போர்டில் இருக்கும் நிஜக் கடிகாரம். டூயல் பூட்டில் நீங்கள் கேள்விப்பட்ட பிரச்சினைகளை எடுத்துப் பாருங்கள். பெரும்பாலானவை இந்த மூன்றில் ஒன்றில் வந்து முட்டும்.

வாசலைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம், ஏன்னா பயம் முழுக்க இங்கேதான் இருக்கு.

பவர் பட்டனை அழுத்தியதும் முதலில் விழிப்பது விண்டோஸ் கிடையாது. மதர்போர்டு சிப்பில் இருக்கும் யுஇஎஃப்ஐ. நாம் இன்னும் பழக்கத்தில் பயாஸ் என்றே சொல்கிறோம், இங்கேயும் அப்படியே சொல்கிறேன். அதனிடம் ஒரு சின்னப் பட்டியல் இருக்கும்: முதலில் விண்டோஸ் பூட் மேனேஜர், அடுத்து உபுண்டு, அடுத்து யுஎஸ்பி என்று. பட்டியலில் முதலில் இருப்பதை எடுத்துக்கொண்டு, டிரைவில் இருக்கும் இஎஃப்ஐ பார்ட்டிஷனுக்குப் போகும். அது ஃபேட்32 முறையில் அமைந்த குட்டிப் பார்ட்டிஷன், பல லேப்டாப்களில் 100 எம்பி அல்லது 260 எம்பிதான். அதற்குள் மைக்ரோசாஃப்ட் என்று ஒரு ஃபோல்டர். உபுண்டு போட்ட பிறகு உபுண்டு என்று இன்னொரு ஃபோல்டர். இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும், ஒன்றை ஒன்று அழிப்பதில்லை.

பழைய காலத்து எம்பிஆர் முறை இப்படி இல்லை. டிரைவின் முதல் 512 பைட்டில் ஒரே ஒரு பூட் புரோகிராமுக்குத்தான் இடம். யார் கடைசியாக நிறுவப்படுகிறார்களோ அவர்கள் முன்னால் இருந்தவரின் தலையில் எழுதுவார்கள். "பழைய விண்டோஸை முதலில் போடு, புதுசைப் பிறகு போடு, லினக்ஸைக் கடைசியாகப் போடு" என்று சீனியர்கள் மந்திரம் மாதிரி சொன்னது அதனால்தான். யுஇஎஃப்ஐ-யில் வரிசை மாறினாலும் யாரும் அழிவதில்லை, பட்டியலில் இடம் மாறும். ஆனாலும் விண்டோஸ் முதலில், உபுண்டு பிறகு என்று போனால் வேலை சுலபம். புது லேப்டாப்பில் விண்டோஸ் ஏற்கெனவே இருப்பதால் அந்தக் கவலையே உங்களுக்கு இல்லை.

உபுண்டு ஃபோல்டருக்குள் ஷிம் என்றொரு சின்ன கோப்பு இருக்கிறது. அதில் மைக்ரோசாஃப்டின் கையொப்பம் உண்டு. அதனால்தான் செக்யூர் பூட் ஆனில் இருந்தாலும் பயாஸ் அதை உள்ளே விடுகிறது. ஷிம் கிரப்பை அழைக்கும், கிரப் நமக்கு மெனுவைக் காட்டும். செக்யூர் பூட்டை ஆஃப் பண்ணினால்தான் லினக்ஸ் ஏறும் என்று சொல்லும் வீடியோ பார்த்தால் அது பழைய வீடியோ என்று புரிந்துகொள்ளுங்கள். உபுண்டுக்கு அது தேவையில்லை.

பென்டிரைவைச் செருகும் முன்

நேரம் இங்கே செலவாகட்டும். நிறுவும் வேலை அரை மணி நேரம்கூட ஆகாது. ஆனால் அதற்கு முன் செய்யும் வேலையை ஒரு சாயங்காலம் முழுக்க எடுத்துச் செய்தாலும் தப்பில்லை.

பேக்கப் எடுங்கள் என்று சொன்னால் எல்லோரும் தலையாட்டுவோம். அதையே இப்படிக் கேட்கிறேன்: இந்த நிமிஷம் லேப்டாப் காணாமல் போனால் எந்த ஃபோல்டருக்காக அழுவீர்கள்? அதை வெளி ஹார்டு டிஸ்க்கிலோ டிரைவிலோ ஏற்றுங்கள். ஏற்றியதோடு விடாமல், வேறொரு கணினியில் ஒரு ஃபைலைத் திறந்து பாருங்கள்.

அடுத்தது பிட்லாக்கர். பல பேருக்குத் தங்கள் லேப்டாப்பில் அது ஆனில் இருப்பதே தெரியாது. விண்டோஸ் 11 ஹோமில் அதன் பெயர் டிவைஸ் என்கிரிப்ஷன். மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டில் உள்ளே நுழைந்ததும் பல லேப்டாப்களில் தானாகவே ஆன் ஆகிவிடும். இதன் சாவி டிபிஎம் சிப்பில் பூட்டிக் கிடக்கிறது. பூட் ஆகும் வழியில் ஏதாவது மாறியிருந்தால், செக்யூர் பூட்டை மாற்றினாலே போதும், "யாரோ கை வைச்சிருக்காங்க" என்று டிபிஎம் சாவியைத் தராது. நீலத் திரையில் 48 இலக்க ரெகவரி கீயைக் கேட்கும். அந்த எண் இல்லை என்றால் சி டிரைவில் இருப்பது இருந்தும் இல்லாத கணக்கு. எந்த சர்வீஸ் சென்டருக்குப் போனாலும் திறக்க முடியாது, திறக்க முடியாதபடி வடிவமைத்ததுதான் அது.

ஆகவே செட்டிங்ஸில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டிக்குள் போய் டிவைஸ் என்கிரிப்ஷன் ஆனில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட் பக்கத்தில் உங்கள் சாதனத்துக்கான ரெகவரி கீ இருக்கும். அதைக் காகிதத்தில் எழுதி வையுங்கள். போட்டோ எடுத்து அதே லேப்டாப்பில் சேமிப்பது, வீட்டுச் சாவியை வீட்டுக்குள் வைத்துப் பூட்டுவது மாதிரி. எழுதிய பிறகு என்கிரிப்ஷனை ஆஃப் செய்து, அது முழுதாக முடியும் வரை காத்திருங்கள். உபுண்டு நிறுவியும் பிட்லாக்கர் ஆனில் இருந்தால் பக்கத்தில் நிறுவ முடியாது என்று நிறுத்திவிடும். எல்லாம் முடிந்த பிறகு மீண்டும் ஆன் செய்துகொள்ளலாம். அப்படிச் செய்தால், விண்டோஸுக்குப் போகும்போது கிரப் மெனு வழியாகப் போகாமல் பயாஸின் பூட் மெனு வழியாகவே போங்கள், ரெகவரி கீ கேட்கும் தொல்லை குறையும்.

மூன்றாவது, ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். விண்டோஸ் 8 முதல், ஷட் டவுன் கொடுத்தால் விண்டோஸ் முழுதாகத் தூங்குவதில்லை. தன் கெர்னலின் நிலையை டிரைவில் எழுதி வைத்துவிட்டுக் கண் மூடுகிறது. அந்த நிலையில் உபுண்டுவிலிருந்து சி டிரைவைத் திறந்தால், பாதி எழுதிய நோட்டில் இன்னொருவர் எழுதுவது மாதிரி. அதனால் உபுண்டு பெரும்பாலும் அதைப் படிக்க மட்டும் அனுமதிக்கும், அல்லது திறக்கவே மறுக்கும். கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸுக்குள் போய் இதை ஆஃப் செய்யுங்கள். எஸ்எஸ்டி இருக்கும் லேப்டாப்பில் இரண்டு மூன்று நொடிதான் வித்தியாசம் தெரியும்.

சுவரைத் தள்ளி வைப்பது

உபுண்டுக்கு இடம் ஒதுக்கும் வேலையை விண்டோஸ் கையிலேயே கொடுங்கள். தன் பார்ட்டிஷனில் எது எங்கே இருக்கிறது என்று அதற்குத்தான் நன்றாகத் தெரியும். டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் சி டிரைவின் மேல் ரைட் கிளிக் செய்து ஷ்ரிங்க் வால்யூம் கொடுத்தால், எத்தனை எம்பி குறைக்க வேண்டும் என்று கேட்கும். 60 ஜிபி வேண்டும் என்றால் 61440. உபுண்டு 24.04-க்கு 25 ஜிபி போதும் என்று அவர்கள் சொல்வது இயங்குதளத்துக்கு மட்டும். ரோஸ், கூடா, பைதான் சூழல்கள் என்று ஏற்ற ஆரம்பித்தால் அது ஒரு மாதம்கூடத் தாங்காது. 512 ஜிபி டிரைவ் இருந்தால் 80 ஜிபி கொடுங்கள், பிறகு வருத்தப்பட வேண்டாம்.

சில சமயம் 200 ஜிபி காலியாக இருந்தும் 20 ஜிபிதான் குறைக்க முடியும் என்று சொல்லும். டிரைவின் நடுவில் நகர்த்த முடியாத கோப்பு ஏதோ உட்கார்ந்திருக்கிறது என்று பொருள். ஹைபர்னேஷன் கோப்பு, பேஜ் கோப்பு, சிஸ்டம் ரிஸ்டோர் இவைதான் வழக்கமான ஆட்கள். மூன்றையும் தற்காலிகமாக ஆஃப் செய்து, ரீஸ்டார்ட் கொடுத்துவிட்டுப் பாருங்கள். குறைத்த பிறகு கறுப்புப் பட்டையில் அன்அலோகேட்டட் என்று காட்டும். அப்படியே விடுங்கள். அதில் புது டிரைவ் உருவாக்கத் தேவையில்லை.

நிறுவும் நாள்

24.04-ன் ஐஎஸ்ஓ கோப்பு சுமார் 6 ஜிபி. 8 ஜிபி பென்டிரைவ் போதும். ஹாஸ்டல் வைஃபையில் இறக்கியது என்றால் செக்சம்மைச் சரிபார்ப்பது நல்லது, பாதியில் அறுந்த டவுன்லோடு நிறுவும்போதுதான் பல்லிளிக்கும். ரூஃபஸ் வைத்து எழுதும்போது ஜிபிடி, யுஇஎஃப்ஐ என்று இருக்கட்டும்.

பூட் மெனுவுக்கு டெல், லெனோவா, ஏசரில் பொதுவாக எஃப்12, ஹெச்பியில் எஃப்9, ஆசஸில் எஸ்கேப். உள்ளே போனதும் உடனே இன்ஸ்டாலை அழுத்தாமல், டிரை உபுண்டு கொடுத்துக் கொஞ்சம் உலாவுங்கள். வைஃபை வருகிறதா, டச்பேட் வேலை செய்கிறதா, சத்தம் கேட்கிறதா? இதுவரை டிரைவில் ஒரு பைட்டும் மாறவில்லை. பிடிக்கவில்லை என்றால் பென்டிரைவை உருவிவிட்டுப் போய்விடலாம்.

இன்டெல் லேப்டாப்கள் சிலவற்றில் உபுண்டுக்கு டிரைவே தெரியாது, அல்லது ஆர்எஸ்டி-யை ஆஃப் செய்யச் சொல்லும். பயாஸில் ஸ்டோரேஜ் ஆர்எஸ்டி அல்லது ரெய்டு முறையில் இருப்பதுதான் காரணம். அவசரப்பட்டு ஏஹெச்சிஐ-க்கு மாற்றினால் விண்டோஸ் நீலத் திரையில் நிற்கும். திரும்பப் பழையபடி வைத்தால் சரியாகிவிடும், பயம் வேண்டாம். முறையான வழி: விண்டோஸில் சிஸ்டம் கான்ஃபிகரேஷனைத் திறந்து சேஃப் பூட்டை டிக் செய்து, ரீஸ்டார்ட் ஆகும்போது பயாஸுக்குள் போய் ஏஹெச்சிஐ-க்கு மாற்றுங்கள். விண்டோஸ் சேஃப் மோடில் ஒருமுறை எழுந்து தேவையான டிரைவரைப் பிடித்துக்கொள்ளும். பிறகு டிக்கை எடுத்துவிடுங்கள். ரெகவரி கீயை எழுதி வைக்கச் சொன்னது இந்த மாதிரி இடத்துக்கும் சேர்த்துத்தான்.

நிறுவி உங்களிடம் கேட்கும் கேள்விகளில் உயிர் போகிற கேள்வி ஒன்றே ஒன்று: எங்கே நிறுவ? விண்டோஸ் பூட் மேனேஜர் பக்கத்தில் நிறுவு என்பது ஒன்று. இரேஸ் டிஸ்க் என்பது இன்னொன்று. "போயிடுச்சு மச்சி" கதைகளில் பல இந்த இரேஸ் டிஸ்க்கில்தான் பிறக்கின்றன. அது பார்ட்டிஷனை மட்டும் அழிக்காது, டிரைவ் முழுவதையும் துடைத்துவிடும். மூன்றாவது மேனுவல். அதில் காலி இடத்தைத் தேர்ந்து, எக்ஸ்ட்4 என்று கொடுத்து, மவுண்ட் பாயிண்டாக ஒற்றைச் சாய்கோட்டை வைத்தால் போதும். ஸ்வாப்புக்குத் தனிப் பார்ட்டிஷன் வேண்டாம், உபுண்டு அதைக் கோப்பாகவே வைத்துக்கொள்ளும். ஏற்கெனவே இருக்கும் ஃபேட்32 இஎஃப்ஐ பார்ட்டிஷனை ஃபார்மட் செய்ய மட்டும் டிக் போடாதீர்கள். அது இரண்டு குடித்தனத்துக்கும் ஒரே வாசல்.

கடைசியில் ஒரு திரை வரும், என்னவெல்லாம் மாறப் போகிறது என்று பட்டியல் போட்டுக் காட்டும். அந்தத் திரை வரை வந்ததெல்லாம் வெறும் பேச்சு, அதற்குப் பிறகுதான் எழுத்து. ஒவ்வொரு வரியையும் படியுங்கள். என்டிஎஃப்எஸ் பார்ட்டிஷன் எதையாவது அழிப்பதாகவோ ஃபார்மட் செய்வதாகவோ இருந்தால் பேக் கொடுங்கள்.

குடியேறிய பிறகு

முதல் வாரத்தில் எல்லோரும் கேட்கும் கேள்வி: "விண்டோஸ்ல டைம் ஏன் தப்பா காட்டுது?" உபுண்டுவில் இரவு 10:30, விண்டோஸுக்கு வந்தால் மாலை 5 மணி. வித்தியாசத்தைக் கழித்துப் பாருங்கள், சரியாக ஐந்தரை மணி நேரம். லினக்ஸ் மதர்போர்டு கடிகாரத்தில் யுடிசி நேரத்தை எழுதும். விண்டோஸ் அதே எண்ணை உள்ளூர் நேரம் என்று படிக்கும். இருவரும் சரிதான், பேசி வைத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். உபுண்டுவில் டைம்டேட்சிடிஎல் கருவியின் லோக்கல் ஆர்டிசி அமைப்பை 1 ஆக்கினால் சண்டை தீர்ந்தது. அற்ப விஷயம் என்று விட்டுவிடாதீர்கள். நேரம் தப்பாக இருந்தால் சில வெப்சைட்கள் சான்றிதழ் பிழை காட்டும், மேக் கொடுத்தால் எந்தக் கோப்பு புதுசு என்று குழம்பும், கிட் கமிட் எல்லாம் முன்பின்னாகத் தேதி போடும்.

இரண்டாவது, பெரிய விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு நேரே விண்டோஸுக்குள் போய்விடும். "உபுண்டு போச்சு" என்று புலம்புவதற்கு முன் வாசலை நினையுங்கள். பட்டியலில் விண்டோஸ் முதலிடத்துக்கு வந்திருக்கும். பயாஸில் வரிசையை மாற்றினால் உபுண்டு அப்படியே இருக்கும். தலைகீழாக, கிரப் மெனுவில் விண்டோஸ் வரி காணவில்லை என்றால், மற்ற இயங்குதளங்களைத் தேடும் ஓஎஸ்-புரோபர் முடக்கப்பட்டிருக்கும். கிரப் 2.06 முதல் அது இயல்பாகவே ஆஃப். அதை ஆன் செய்து கிரப்பைப் புதுப்பித்தால் வந்துவிடும்.

நிஜமாகவே பலரைத் தவிக்கவிட்டது 2024 ஆகஸ்ட். அந்த மாத விண்டோஸ் பாதுகாப்பு அப்டேட், ஓட்டையுள்ள பழைய பூட்லோடர்களைத் தடுக்க, எஸ்பேட் என்னும் தடைப் பட்டியலைப் புதுப்பித்தது. டூயல் பூட் கணினிகளை அது தொடாது என்றுதான் அறிவிப்பு இருந்தது. ஆனால் சில கணினிகளில் டூயல் பூட் இருப்பது அதற்குத் தெரியவில்லை. பழைய ஷிம் வைத்திருந்த லினக்ஸ்கள் வாசலிலேயே நிறுத்தப்பட்டன, திரையில் ஏதோ பெரிய தப்பு நடந்துவிட்டது என்ற பொருளில் ஒரு செய்தி. அந்த நேரத்தில் ஃபார்மட் செய்தவர்கள் வீணாகச் செய்தார்கள். டேட்டா பத்திரமாகத்தான் இருந்தது. செக்யூர் பூட்டைச் சிறிது நேரம் ஆஃப் செய்து, லினக்ஸுக்குள் போய் அந்தக் கொள்கையை நீக்கி, அப்டேட் செய்தவுடன் சரியானது.

என்விடியா கார்டு இருப்பவர்களுக்கு ஒரு வரி. டிரைவர் போடும்போது ஒரு பாஸ்வேர்டு வைக்கச் சொல்லும், ரீஸ்டார்ட் ஆனதும் எம்ஓகே மேனேஜ்மென்ட் என்று நீலத் திரை வரும். கண்டினியூ பூட் கொடுத்துத் தாண்டினால் டிரைவர் ஏறாது. என்ரோல் எம்ஓகே கொடுத்து அதே பாஸ்வேர்டைப் போடுங்கள்.

இரண்டு உபுண்டு வேண்டும் என்றால்

ரோபோட்டிக்ஸ் ஆட்களுக்கு இது வரும். ரோஸ் 2 ஹம்பிள் உபுண்டு 22.04-க்கு, ஜாஸி 24.04-க்கு. சீனியர்களின் கோடு ஹம்பிளில், உங்களுடையது ஜாஸியில் என்றால் இரண்டு உபுண்டுவையும் வைக்கத் தோன்றும். வைக்கலாம். ஆனால் இங்கே ஒரு விசித்திரம்: இரண்டுக்கும் இஎஃப்ஐ பார்ட்டிஷனில் ஃபோல்டர் பெயர் உபுண்டு என்றே ஒன்றுதான். விண்டோஸும் உபுண்டுவும் முட்டிக்கொள்ளாத வாசலில் இரண்டு உபுண்டுகள் முட்டிக்கொள்ளும். கடைசியாக நிறுவியதன் கிரப்தான் மெனுவைப் பிடித்துக்கொள்ளும். மற்றதில் கெர்னல் அப்டேட் ஆனால் மெனுவுக்கு அது தெரியாது. மெனுவைப் பிடித்திருக்கும் உபுண்டுவுக்குள் போய்த்தான் கிரப்பைப் புதுப்பிக்க வேண்டும். சென்சார், மோட்டார் எதுவும் இல்லாமல் சிமுலேஷன் மட்டும் என்றால் டாக்கரில் ஹம்பிளை ஓட்டுங்கள், இந்தத் தலைவலியே வேண்டாம்.

அதே மாதிரி, சி புரோகிராம், ஷெல் ஸ்கிரிப்ட், பைதான் மட்டும்தான் தேவை என்றால் விண்டோஸுக்குள்ளேயே டபிள்யூஎஸ்எல் போதும். என்னைக் கேட்டால் லேப் எக்சாமுக்காக மட்டும் டூயல் பூட் போடாதீர்கள். விர்ச்சுவல்பாக்ஸும் உண்டு, ஆனால் 8 ஜிபி ராமில் அது விண்டோஸோடு பங்கு போட்டு மூச்சுத் திணறும். கெர்னல் மாட்யூல் எழுதுவது, நிஜ ஹார்டுவேருடன் பேசுவது, லினக்ஸையே தினசரி வேலைக்குப் பழகுவது, இதற்கெல்லாம் டூயல் பூட்தான் சரி.

காலி செய்யும்போது

ஃபைனல் இயர் முடிந்து உபுண்டு வேண்டாம் என்று தோன்றலாம். விண்டோஸில் இருந்தபடி அந்தப் பார்ட்டிஷனை டிலீட் செய்துவிட்டு ரீஸ்டார்ட் கொடுத்தால், கறுப்புத் திரையில் கிரப் என்று ஒரு வரி மட்டும் கண் சிமிட்டும். வாசலில் இருக்கும் கிரப், இல்லாத போர்ஷனைத் தேடிக்கொண்டு நிற்கிறது. பூட் மெனுவைத் திறந்து விண்டோஸ் பூட் மேனேஜரைத் தேர்ந்தால் விண்டோஸ் வரும். முதலிலேயே பயாஸில் விண்டோஸை மேலே ஏற்றிவிட்டு, அதன் பிறகு டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் எக்ஸ்ட்4 பார்ட்டிஷனை நீக்கினால் இந்தத் திரையையே பார்க்க வேண்டாம். அளவை வைத்து எது உபுண்டுவின் பார்ட்டிஷன் என்று இரண்டு முறை உறுதி செய்யுங்கள், பக்கத்தில் விண்டோஸின் ரெகவரி பார்ட்டிஷனும் இருக்கும். காலியான இடம் சி டிரைவுக்கு அடுத்தே இருப்பதால் எக்ஸ்டெண்ட் வால்யூம் கொடுத்தால் பழையபடி சேர்ந்துவிடும். இஎஃப்ஐ பார்ட்டிஷனில் உபுண்டு ஃபோல்டர் மிச்சம் இருக்கும். சில எம்பிதான், அது அங்கேயே கிடக்கட்டும்.